முந்நூறு கோடியில் ஓர் எழுத்து

கண்டி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது தனுஜாவின் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலையில் இருந்தபோது கைபேசி அடித்தது. பேசியவர் தன் பெயர் டொக்டர் ஷஹ்மா என்றும், சதையி எனும் கணையம் சம்பந்தமான நோய்களை ஆராயும் குழு ஒன்றில் இருப்பதாகவும் சொன்னார். பழைய கிளினிக் பதிவுகளில் தனுஜாவின் பெயர் கிடைத்ததாம். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது.

"உங்களுக்கு முதல்முதல்ல இன்சுலின் போட்டப்ப என்ன வயசு?"

"நாப்பத்தேழு நாள்," என்றாள் தனுஜா.

 "நாள்தானே சொன்னீங்க? மாசம் இல்லயே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அந்த எண்ணைத் தனுஜாவின் மனதில் பதித்தவள் அவளுடைய அம்மா நிஷாந்தி. 1998ஆம் ஆண்டு மழைக்காலம். அம்பிட்டியவில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில், பிறந்து ஆறு வாரமான குழந்தை பால் குடிக்கக் குடிக்க மெலிந்துகொண்டே போனது. அலசிப் போடக் கொல்லையில் குவித்து வைத்த, குழந்தை சிறுநீர் கழித்த துணிகளில் எறும்பு மொய்த்தது. நாற்பத்தேழாம் நாள் குழந்தை மூச்சுக்குத் திணறியது. அப்பா யோகராஜ் தன் சாரத்தில் சுற்றி முச்சக்கர வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடினார். வைத்தியசாலையில் இருந்த கருவி, குழந்தையின் இரத்தத்தில் உள்ள சீனியை அளக்க முடியாமல் 'உயர்வு' என்று மட்டும் காட்டியது. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையி என்ற உறுப்பு இன்சுலின் சுரக்கவில்லை, இனிச் சுரக்கப் போவதுமில்லை என்று சொன்னார்கள். இவ்வளவு சின்ன வயதில் இந்த நோயைத் தான் பார்த்ததில்லை என்றார் அப்போதிருந்த டொக்டர். பிழைத்தால் ஆயுள் முழுக்க ஊசி.

பிழைத்தாள். விரல் பருமனில் இருந்த தொடையில் ஊசி போட நிஷாந்தி கற்றுக்கொண்டாள். ஏழாவது வயதில் தனுஜா தானே போட்டுக்கொள்ளப் பழகினாள். நாளுக்கு நான்கு வீதம் இருபத்தாறு வருடம். எத்தனை ஊசி என்று ஒருமுறை பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

நிஷாந்திக்கு வேறொரு பாரமும் இருந்தது. ஏழாம் மாதக் கர்ப்பத்தில் ஆசைப்பட்டு அவள் தினமும் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் இனிப்பைத் தின்றிருந்தாள். பிள்ளைக்குச் சீனி வந்தது அதனால்தான் என்று அவள் நம்பினாள். இல்லையென்று டொக்டர்மார் சொல்லியும் நம்பிக்கை போகவில்லை. அதன்பிறகு அந்த வீட்டுக்குள் தொதல் வந்ததேயில்லை.

அடுத்த வாரம் தனுஜா பெற்றோரோடு கண்டி வைத்தியசாலைக்குப் போய் டொக்டர் ஷஹ்மாவைப் பார்த்தாள். அவர் திகன என்ற ஊரைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். சிறிய அறை, மேசை நிறையக் கோப்புகள். பிறந்து ஆறு மாதத்துக்குள் சீனி நோய் வந்தவர்களை மட்டும் தேடுவதாகச் சொன்னார். இவர்களுக்கு வருவது மற்றவர்களுக்கு வரும் சீனி நோய் அல்ல. அநேகமாக ஒற்றை மரபணுவில் இருக்கும் ஒரு பிழை. எந்த மரபணு என்று தெரிந்தால் சிலருக்கு வைத்தியமே மாறும். எல்லாருக்கும் அல்ல, அதனால் பெரிதாக எதையும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார். தனுஜாவிடமும் பெற்றோரிடமும் இரத்தம் எடுத்துக்கொண்டார். அது இங்கிலாந்திலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குப் போகுமாம்.

அதே நாளில் இரத்தம் கொடுக்க ஸைத்தும் வந்திருந்தான். கம்பளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன். தனுஜாவைவிட இரண்டு வயது இளையவன். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அவனுக்கு நோய் வந்தது. சிறுவர் கிளினிக்கில் சேர்ந்து வளர்ந்தவர்கள் இருவரும். ஊசி போட்ட இடம் கட்டிப்பட்டால் என்ன செய்வது, பாடசாலைச் சுற்றுலாவில் மயக்கம் வந்தால் ஆசிரியருக்கு எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவர் தெரிந்துகொண்டவர்கள்.

ஐந்து மாதம் கழித்து ஷஹ்மா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அப்பாவையும் அம்மாவையும் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார்.

அறையில் உட்கார்ந்ததும் அவர் ஒரு தாளை எடுத்து வட்டம் ஒன்று வரைந்தார். "இது சதையியில ஈக்குற ஒரு செல். இன்சுலின் செய்றது இதுதான்," என்றார். பிறகு வட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கதவு வரைந்தார். நாம் சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. சீனி செல்லுக்குள் போனதும் இந்தக் கதவு மூட வேண்டும். மூடினால்தான் சாப்பாடு வந்திருப்பது செல்லுக்குத் தெரியும், உடனே இன்சுலினை வெளியே விடும். கதவைக் கட்டும் விதம் மரபணுவில் எழுதியிருக்கிறது. மனிதனுடைய மரபுத் தொகுதியில் முந்நூறு கோடி எழுத்துகள். தனுஜாவுக்கு அதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தால் கதவு மூடுவதில்லை.

தனுஜா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மில்லிமீட்டர் பிசகினால் வில்லை சட்டத்தில் உட்காராது என்பது அவளுக்குத் தெரியும். முந்நூறு கோடியில் ஒன்று என்பதை அவளால் எந்த அளவிலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன்னை ஒருநாளும் பார்த்திராத யாரோ ஒருவர், எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு, அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

"அப்ப என் சதையி செத்துப்போகலயா?" என்று கேட்டாள்.

"இல்ல. இன்சுலினைச் செஞ்சி வச்சிக்கிட்டு, வெளிய விடத் தெரியாம ஈக்குது. நீங்க பொறந்ததில இருந்து."

நிஷாந்தி மெல்ல, தான் தின்ற தொதலைப் பற்றிக் கேட்டாள். ஷஹ்மா சிரிக்கவில்லை. பெற்றோரின் முடிவுகளை எடுத்து அவள் முன் வைத்தார். இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. கரு உருவான காலத்திலேயே அது தானாக நேர்ந்தது. யார் எதைத் தின்றதாலும் வந்ததல்ல, எதைத் தின்னாமல் இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. நிஷாந்தி அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். அதிலிருந்த ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அதன்பிறகு ஷஹ்மா மருந்தைப் பற்றிச் சொன்னார். அந்தக் கதவை வேறு வழியாக மூட வைக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது. புதிதல்ல, பழைய மாத்திரை. பெயர் கிளிபென்கிளமைட்.

யோகராஜ் நிமிர்ந்தார். அவர் மாநகர சபை நூலகத்தில் வேலை செய்கிறவர். சாதாரண சீனி நோய் வந்து பதினொரு வருடமாகிறது.

"டொக்டர், சின்னதா, வெள்ளையா, நடுவுல கோடு போட்டிருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"அது எங்க வீட்டு அலுமாரியில இருக்குங்க. கிளினிக்ல எனக்குக் குடுக்குறது அதைத்தான். பதினொரு வருஷமா இருக்கு."

 ஷஹ்மா அவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். தனுஜா பிறந்தபோது இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றார். கதவுக்கான மரபணுவில் இந்தப் பிழை இருப்பதை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு தெரிந்திருக்கலாம்தான். "அது எங்க பக்கத்துக் குறை. இப்படி ஈக்குற ஆக்களை நாங்க முன்னாடியே தேடி வந்திருக்கணும்," என்றார். யோகராஜ் தலையாட்டினார். கோபப்படுவதற்கும் அவருக்கு அப்போது இடமில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, டொக்டர் வரைந்த அந்தச் சின்னக் கதவைக் குனிந்து பார்த்தார்.

மாற்றத்தை வீட்டில் செய்ய முடியாது. தனுஜா வைத்தியசாலை வாட்டில் தங்க வேண்டும். முதல் நாள் காலையும் மாலையும் ஒவ்வொரு மாத்திரை. அடுத்த நாள் இரண்டு இரண்டு. அப்படியே கூட்டிக்கொண்டு போய், மூன்று வேளைக்கும் பிரித்து நாளுக்கு எட்டு மாத்திரைவரை போகலாம். அதற்கேற்ப ஊசியைக் குறைப்பார்கள். வயது ஏறிய பிறகு சிலருக்கு மாத்திரை முழுதாக வேலை செய்யாமலும் போகலாம் என்பதை ஷஹ்மா மறைக்கவில்லை. தொடங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்தார். உடம்பு இன்சுலின் செய்யும்போது, அதோடு கூடவே சி-பெப்டைட் என்றொரு சிறு துண்டும் உண்டாகும். போத்தலில் வரும் இன்சுலினில் அந்தத் துண்டு கிடையாது. அதை அளந்தால், இன்சுலின் சொந்தமா வெளியிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். தனுஜாவின் முடிவில், அளக்கக்கூடிய அளவில் இல்லை என்று வந்தது.

முதல் இரண்டு நாளும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. மத்தியான ஊசியை முழுதாக நிறுத்தலாம் என்று எழுதிவிட்டுப் போனார் ஷஹ்மா.

அந்த வரியைத் தாதி வாசித்துக் காட்டியபோதே தனுஜாவுக்குப் பயம் பிடித்தது. ஊசி போடாமல் ஒரு பிடி சோறு அவள் தின்றதில்லை. பதின்மூன்று வயதில் ஒரே ஒருமுறை மட்டும், மற்றப் பிள்ளைகளைப்போல் இருந்து பார்க்கலாமென்று ஊசியைத் தவிர்த்துவிட்டு, மூன்று நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அந்த வாந்தியும், ஓட ஓட அடங்காத மூச்சும் உடம்புக்கு நினைவிருந்தன. மாத்திரையை உடம்பு நம்பவில்லை. தட்டு வந்ததும், கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குப் போனாள். கைப்பையில் ஒளித்து வைத்திருந்த ஊசிப் பேனாவை எடுத்து எட்டு அலகு போட்டுக்கொண்டாள். வழக்கமாகப் போடுவது பன்னிரண்டு. எட்டுத்தானே என்று நினைத்தாள். பிறகு வந்து சோறு, பருப்பு, மீன் எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஒன்றரை மணிநேரத்தில் வியர்த்துக் கொட்டியது. யன்னலுக்கு வெளியே தெரிந்த மரங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சத்தம் போட்டுத் தாதியைக் கூப்பிட்டாள். சீனி நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஷஹ்மா வேகமாக வந்து, காலையிலிருந்து கொடுத்த மருந்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாதிமார் எதையும் பிழையாகக் கொடுத்திருக்கவில்லை. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தாதி திட்டு வாங்கிவிடுவாளோ என்று தனுஜாவுக்குக் கவலையாகிவிட்டது. "நான்தான் போட்டுக்கிட்டேன், டொக்டர். எட்டு. பயத்துல போட்டுட்டேன்," என்றாள்.

ஷஹ்மா கோபிக்கத்தான் போகிறார் என்று எதிர்பார்த்தாள். முதலில் முகம் சிவந்ததும் உண்மை. இது உயிரோடு விளையாடுகிற வேலை என்று சொல்லி, ஊசிப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் போகத் திரும்பியவர் நின்றுவிட்டார். கட்டிலோரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவ்ளோ சோத்துக்கு எட்டு அலகு போட்டா, வீட்டுல எவ்ளோ காட்டும்?"

இருநூறைத் தாண்டும் என்றாள் தனுஜா. எட்டுக் காணாது. ஒருநாளும் போதாது.

"இன்னைக்கு நாப்பத்திரண்டு," என்றார் ஷஹ்மா. அவர் குரல் தணிந்திருந்தது. "அப்ப மிச்ச இன்சுலின் எங்க இருந்து வந்திச்சி?"

 தனுஜா தன்னையறியாமல் கையை எடுத்து விலா எலும்புகளுக்குக் கீழே, வயிற்றின் மேல் வைத்தாள். அங்கே தொட்டுத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. சதையி ஆழத்தில், முதுகெலும்போடு ஒட்டிக் கிடப்பது. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. இருபத்தாறு வருடம் அவள் அதைச் செத்த உறுப்பாகச் சுமந்திருந்தாள். அது அவளுக்குள்ளேயே, சாப்பாட்டுக்குச் சாப்பாடு, இன்சுலினைச் செய்து செய்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு தட்டுச் சோறு வந்ததும் அதற்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் ஒளித்து எதையும் செய்யவில்லை. நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியையும், ஐந்தாம் நாள் மிச்ச இரண்டையும் நிறுத்தினார்கள். ஆறாம் நாள் சி-பெப்டைட் முடிவு மறுபடி வந்தது. ஷஹ்மா பழைய தாளையும் புதிய தாளையும் கட்டிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில், அளக்க முடியாதது. புதியதில் ஓர் எண் இருந்தது. சுகதேகியான ஒருத்திக்கு இருக்கக்கூடிய எண். யோகராஜ் அதை மூன்று தடவை வாசித்தார். நிஷாந்தி எண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை நாங்க ஊசியால போடேலாது," என்றார் ஷஹ்மா. "இது அவங்கட சொந்தம்."

பத்து வருடமாக இந்த ஆராய்ச்சியில் இருந்தும், கட்டுரைகளில் வாசித்ததும் வெளிநாட்டுக் கூட்டங்களில் கேட்டதும் தவிர, இதைக் கண்ணால் காண்பது தனக்கும் இதுதான் முதல்தடவை என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்க யன்னல் பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானம் தனுஜா மாத்திரைகளை விழுங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். நிஷாந்தி பழக்கத்தில் இன்சுலினை எடுக்க எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தாள். திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே கைவிட்டு ஒரு தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். யோகராஜ் தட்டைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேகமாகச் சாப்பிட்டாள். இடையில் நிறுத்தி, "அப்பா, நீங்களும் சாப்புடுங்க," என்றாள்.

ஸைத்திடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அவனுடைய முடிவும் அதே வாரம் வந்திருந்தது. அவனுக்கு வேறு மரபணு. அவனுடைய சதையி செய்யும் இன்சுலினின் வடிவமே பிழை. அந்தப் பிழையான இன்சுலின் உள்ளே தங்கித் தங்கி, செய்த செல்களையே அழித்துவிட்டது. மூட வைக்கக் கதவு இருந்தும் பயனில்லை. மாத்திரை அவனுக்கு உதவாது என்று ஷஹ்மா நேரிலேயே சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஜா கம்பளைக்குப் போனாள். கடையில் கூட்டமில்லை. ஸைத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எனக்கு அது இல்லயாம். ஒங்களுக்கு ஈக்காம்," என்றான், பிரித்துப்போட்ட கைபேசி ஒன்றிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆறுதலாக எதையோ சொல்ல அவள் வாயெடுத்தாள். அவன் வேண்டாமென்று கையைக் காட்டினான். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றான்.

பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கி வந்தான். சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டான். இருபத்து நான்கு வருடப் பழக்கம், மூன்று நொடி வேலை. தனுஜா மாத்திரைகளைத் தண்ணீரோடு விழுங்கினாள். அவன் தன் பார்சலைப் பிரிக்காமல் அவள் சாப்பிடுவதையே பார்த்தான். அவள் கையிலெடுத்த சோற்றைத் திரும்ப வைத்தாள்.

"எனக்குச் சங்கடமா இருக்கு, ஸைத்."

"எதுக்கு? தின்னுங்க. நான் இதப் பாக்கணும்."

இரண்டு மணிநேரம் அவளை அங்கேயே இருக்கச் சொன்னான். இடையில் வந்த இரண்டு பேருக்குக் கைபேசிக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான். ஒரு ரயில் வந்து போனது. பிறகு மேசைக்கு மேலிருந்த தன் அளவுக் கருவியை எடுத்து, புது ஊசிமுனை மாற்றி, அவள் விரலைப் பிடித்துத் தானே குத்தினான். ஐந்து நொடி. நூற்றுப் பதினாறு.

ஸைத் கருவியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். திருப்பி அவளுக்கும் காட்டினான். ஊசி இல்லாமல், ஒரு பார்சல் சோற்றுக்குப் பிறகு, நூற்றுப் பதினாறு. தங்கள் இருவருக்கும் வாழ்நாளில் வாய்க்காது என்று கிளினிக்கில் சொல்லிச் சொல்லி வளர்த்த எண். எண் அணையும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சுப்ஹானல்லாஹ்," என்றான், மிக மெதுவாக.

அப்புறம்தான் அவன் மற்ற விஷயத்தைச் சொன்னான். தன்னைப் போன்றவர்களின் செல்கள் எப்படி அழிகின்றன என்பதைப் பற்றி வேறொரு ஆராய்ச்சி தொடங்குகிறதாம். அதற்கும் ஷஹ்மா இரத்தம் கேட்டிருக்கிறார். உம்மா வேண்டாம் என்கிறாள், எத்தனை தடவைதான் குத்துவார்கள் என்று அழுகிறாள். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்றுவரை அவனுக்கும் போக மனமிருக்கவில்லை.

"இப்ப?" என்று கேட்டாள் தனுஜா.

"இப்ப போகத்தான் வேணும். என்ட எழுத்தையும் யாரோ ஒராள் ஒக்காந்து வாசிக்கத்தானே போறாங்க." அவன் அளவுக் கருவியை உறையில் போட்டு மூடினான். "வியாழக்கிழமை. காலயில ரயில்."

தனுஜா கடையில் விடுமுறை கேட்பதாகச் சொன்னாள். கண்டி நிலையத்தில் வந்து நிற்பதாகவும் சொன்னாள். அவன் சரி என்றான். பிறகு ஆறிப்போயிருந்த தன் பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினான். போட்ட ஊசிக்குச் சாப்பாடு பிந்திவிட்டது என்று தனுஜா அவனைக் கடிந்துகொண்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேரீச்சங்கொட்டைகளை எடுத்து மேசையில் போட்டான். இரண்டு மணிநேரமாக அவன் பையிலிருந்த பேரீச்சம்பழங்களைத்தான் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.